வீட்டுக்கு மட்டும் ஒரு சீட்டு

வெளிநாட்டுப் பிரயாணம் என்றால் நம் வீடுகளில் நடக்கும் அமர்க்களம் உங்களுக்குத் தெரியாததல்ல. பருப்புப் பொடி ஒரு டப்பா, புளிக்காய்ச்சல் ஒரு டப்பா, தலைவலி வந்தால் தைலம், வயிற்றுவலி வந்தால் ஓமம், பெட்டியின் கைப்பிடியில் அடையாளத்துக்குச் சிவப்பு ரிப்பன் என்று ஒன்று விடாமல் கட்டிக்கொள்கிறோம். ஊறுகாய் எண்ணெய் கசியாமல் இருக்க எத்தனை உறை போட வேண்டும் என்பதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சம்பிரதாயமே இருக்கிறது. ஆனால், "அங்கே போய்ப் பாஸ்போர்ட் காணாமல் போனால் என்ன செய்வது?" என்று கேட்டுப் பாருங்கள். "கிளம்புகிற நேரத்தில் இதென்ன அபசகுனப் பேச்சு?" என்று நம் வாயை அடைத்துவிடுவார்கள்.

அபசகுனமாகவே இருக்கட்டும், சகோதரிகளே! இன்று அதைத்தான் உங்களோடு பேசப் போகிறேன். 2018-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், பாரிஸ் நகரத்தில், வெள்ளிக்கிழமை முதல் செவ்வாய்க்கிழமை வரை நான் பாஸ்போர்ட் இல்லாத மனுஷியாக இருந்தேன். எந்த ஆபீஸில் எந்தக் காகிதத்தை நீட்ட வேண்டும் என்பதை அந்த ஐந்து நாளில் தெரிந்துகொண்டேன். அது உங்களுக்கு உபயோகப்படும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றையும் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லித் தந்தவர் அதிகாரி எவரும் அல்ல. ஒரு போட்டோக் கடைக்காரர். அவரிடம் பின்னால் வருகிறேன்.

நானும் என் கணவரும் பாரிஸில் சில நாள், பிறகு ஸ்விட்ஸர்லாந்தில் சில நாள் என்று திட்டம் போட்டுப் போயிருந்தோம். வெள்ளிக்கிழமை காலையில் சென்னையிலிருந்து என் தம்பி டெலிபோன் செய்தான். அம்மாவுக்கு மார்வலி வந்து ஆஸ்பத்திரியில் காட்டினார்களாம். இதயத்து ரத்தக் குழாயில் அடைப்பு. அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன். அதுவரை வீட்டிலேயே ஓய்வாக இருக்கலாம் என்று அனுப்பிவிட்டார்களாம். அம்மாவுக்கு அப்போது 76 வயது. "நீ பதறிக்கொண்டு வர வேண்டாம், அக்கா" என்றான் தம்பி. வர வேண்டாம் என்று சொல்லுகிற குரலே வா என்று கூப்பிடுகிற குரலாக இருந்தால் என்ன செய்வது? ஸ்விட்ஸர்லாந்தின் பனிமலை எங்கேயும் ஓடிவிடாது. ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் திரும்பிவிடுவது என்று தீர்மானித்தோம்.

அன்று சாயங்காலமே அது நடந்தது. ஆபீஸ் விடுகிற நேரம். பாதாள ரயிலில் நம் ஊர் மின்சார ரயிலைப் போலவே கூட்டம். தோளில் குறுக்காக மாட்டிய கைப்பையை முன்பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டு, அதன் வாயை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றேன். ஒரு ஸ்டேஷனில் கதவு திறந்தது. நாலு பேர் இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள். கதவு மூடிற்று. பை லேசாகிவிட்டதுபோல் தோன்றவே குனிந்து பார்த்தேன். பையின் வாயை நான் பிடித்துக்கொண்டிருக்க, அதன் வயிற்றைப் பிளேடால் கிழித்துவிட்டுப் போயிருந்தான் யாரோ ஒரு மகானுபாவன். கொஞ்சம் பணம், பாங்க் அட்டை, கபாலி கோயில் குங்குமப் பொட்டலம், பாஸ்போர்ட் எல்லாம் போய்விட்டன.

என் கணவரின் பாஸ்போர்ட் அவருடைய சட்டையின் உள்பையில் பத்திரமாக இருந்தது. சாதாரணமாக இப்படிப்பட்ட சந்தர்ப்பத்தை அவர் நழுவ விடுகிறவர் அல்ல. ஆனால் அன்று வாயைத் திறக்கவே இல்லை. விஷயம் எவ்வளவு தீவிரமானது என்று அதிலிருந்துதான் எனக்குப் புரிந்தது.

பாங்க் அட்டை போனது பெரிய காரியமில்லை. டெலிபோனில் சொன்னதும் அதை நிறுத்திவிட்டார்கள். பாஸ்போர்ட் போனது அப்படியல்ல. அந்நிய தேசத்தில் "நான் இன்னார், இன்ன ஊர்க்காரி" என்று நானே சொல்லிக்கொண்டால் யார் கேட்பார்கள்? அது இல்லாமல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அந்த ஊரில் இருப்பதற்கு உரிய விசாவும் அதற்குள்ளேதான் ஒட்டியிருந்தது. போகவும் வழியில்லை, இருக்கவும் முறையில்லை. திரிசங்குவுக்காவது நட்சத்திரங்களின் நடுவே ஓர் இடம் கிடைத்தது. எனக்கு ஒரு ஹோட்டல் அறைதான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை வரைதான்.

இனி, செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லுகிறேன்.

முதல் காரியம் போலீஸ் ஸ்டேஷன். திருடன் அகப்படுவான் என்பதற்காக அல்ல. நம் பாஸ்போர்ட் போனது உண்மை என்பதற்கு அந்த ஊர் சர்க்கார் கொடுக்கும் சாட்சி அந்தப் புகார்ச் சீட்டு. பின்னால் நடக்கிற ஒவ்வொரு காரியத்துக்கும் அதுவே வேர். ஒன்றரை மணி நேரம் காத்திருந்த பிறகு ஓர் இளம்பெண் போலீஸ் உத்தியோகஸ்தர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நம் ஊர்ப் பெயர் விவகாரம் உங்களுக்குத் தெரியும். எது நம் பெயர், எது குடும்பப் பெயர் என்று நமக்கே சில சமயம் குழப்பம். சீட்டை அச்சடித்துக் கொடுத்ததும் பார்த்தால், என் பெயரும் கணவர் பெயரும் இடம் மாறியிருந்தன. பாஸ்போர்ட்டில் இருந்தபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும் என்று கேட்டு மறுபடி அடித்து வாங்கினேன். நீங்களும் அந்த இடத்தை விட்டு எழுந்திருப்பதற்கு முன் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முத்திரை போட்ட பிரதிகள் இரண்டு கேளுங்கள்.

இரண்டாவது காரியம் நம் தூதரகம். வெள்ளிக்கிழமை இரவு, சனி, ஞாயிறு என்றால் மூடித்தானே இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அவசரத்துக்கென்று தூதரகங்கள் தனியாக ஒரு டெலிபோன் எண் வைத்திருக்கின்றன. அந்த எண்ணில் பேசிய அதிகாரி முதலில் கேட்டது, "உடம்புக்கு ஒன்றும் இல்லையே, அம்மா?" என்பதுதான். பிறகு, திங்கட்கிழமை காலையில் போலீஸ் சீட்டு, பழைய பாஸ்போர்ட்டின் பிரதி, போட்டோ, டிக்கெட் இவற்றோடு வரச் சொன்னார். அயல்நாட்டில் இருக்கும் தன் பிரஜைகளுக்குப் பாஸ்போர்ட்டும் பிரயாணப் பத்திரமும் கொடுப்பது தூதரகங்களின் வேலை என்று 1963-ஆம் வருஷத்து வியன்னா ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. ஆகையால் நாம் போய் நிற்பது தயவு கேட்டு அல்ல. நமக்குப் பாத்தியதை உள்ள இடத்தில்தான் நிற்கிறோம்.

அங்கே இரண்டு வழி உண்டு. அந்நிய தேசத்தில் படிக்கிறவர்கள், உத்தியோகம் பார்க்கிறவர்கள் புதுப் பாஸ்போர்ட்டுக்கே மனுப் போடலாம். அதற்குக் கொஞ்சம் காலம் ஆகும். என்னைப்போல் உடனே ஊர் திரும்ப வேண்டியவர்களுக்கு இருப்பது "எமர்ஜென்சி சர்டிபிகேட்." 1967-ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டம் அதன் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது: ஒருவர் இந்தியாவுக்குள் நுழைவதற்கு அனுமதி தரும் பத்திரம். அவ்வளவுதான். ஒரு தடவை, ஒரு வழி, ஒரே தேசம். அதை வைத்துக்கொண்டு வழியில் இறங்கி ஊர் சுற்ற முடியாது. அதே சட்டத்தில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. பணம் கட்டி, வரிசையில் நின்று நாம் வாங்கினாலும், பாஸ்போர்ட் எப்போதும் மத்திய சர்க்காரின் சொத்துத்தானாம். "அப்படியானால் அந்தப் பயல் உன்னிடம் திருடவில்லை; இந்திய சர்க்காரிடம் திருடியிருக்கிறான்" என்றார் என் கணவர். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அது.

சனிக்கிழமை முழுதும் அறையில் அடைந்து கிடந்தோம். "நீங்கள் முன்னால் போங்கள்" என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "நான் மட்டும் போய் நின்றால் உன் அம்மா என்ன கேட்பாள்? 'அவள் எங்கே?' என்பாள். ஆபரேஷனுக்கு முன்னால் அந்தக் கேள்வி எதற்கு?" என்று சொல்லிவிட்டார். பொழுது போகாமல் செல்போனில் எதை எதையோ தேடிப் படித்து எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் உலக யுத்தம் மூளுவதற்கு முன்னால் ஐரோப்பாவில் பெரும்பாலான தேசங்களுக்குப் பாஸ்போர்ட் இல்லாமலே போய்வர முடிந்ததாம். யுத்தத்துக்குப் பிறகு, 1920-ஆம் வருஷத்தில் சர்வதேச சங்கத்தார் ஒரு மகாநாடு கூட்டி, பாஸ்போர்ட் புத்தக வடிவில், 32 பக்கத்தோடு இருக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தார்களாம். மகாநாடு எந்த ஊரில் நடந்தது என்று நினைக்கிறீர்கள்? இதே பாரிஸில்தான்! பிறந்த ஊருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது என் பாஸ்போர்ட்.

பழைய பாஸ்போர்ட்டின் பிரதிக்கு வருகிறேன். கிளம்புவதற்கு முன் பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசாப் பக்கம் மூன்றையும் பிரதி எடுத்து அம்மாவிடம் கொடுத்திருந்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் அதை எடுத்துப் படம் பிடித்து அனுப்பும்படி தம்பியிடம் சொன்னேன். அவன் பீரோவைக் குடைந்து பார்த்துவிட்டுக் கிடைக்கவில்லை என்றான். வேறு வழியில்லாமல், "விசா விஷயமாக அக்கா ஏதோ கேட்கிறாள்" என்று அம்மாவிடமே கேட்டிருக்கிறான். படுத்திருந்தபடியே அம்மா சொன்னாளாம்: "இரண்டாவது தட்டு, அரக்குப் புடவைக்கு அடியில், கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது." ஐந்து நிமிஷத்தில் மூன்று பக்கமும் என் கணவரின் செல்போனில் வந்து விழுந்தன. அம்மா வேறு ஒன்றும் கேட்கவில்லை என்றான் தம்பி. கேட்காமல் இருந்தது எனக்குச் சமாதானமாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போட்டோவுக்காக அலைந்தோம். பாரிஸ் ரயில் நிலையங்களில் காசு போட்டால் படம் எடுத்துத் தரும் கூண்டுகள் உண்டு. ஆனால் அவை தரும் படம் அந்த ஊர் அளவு. 35 மில்லிமீட்டர் அகலம், 45 உயரம். எங்களிடம் அப்போது கேட்டதோ இரண்டு அங்குலச் சதுரம். ஹோட்டல் வாசலில் இருந்த பையன் யோசித்துப் பார்த்துவிட்டு, "லா ஷாப்பெலுக்குப் போங்கள். அங்கே உங்கள் ஜனங்கள் இருக்கிறார்கள்" என்றான்.

அந்தப் பெயரில் உள்ள ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் ஒரு நிமிஷம் நமக்குத் திகைப்பாக இருக்கும். கடைப் பலகைகளில் தமிழ். கூடைகளில் முருங்கைக்காய், வாழைப்பூ, கறிவேப்பிலை. கண்ணாடிக்குப் பின்னால் பட்டுப் புடவையும் கல்யாண நகையும். பக்கத்தில் மாணிக்க விநாயகருக்கு ஒரு கோயில், 1985-இல் ஏற்பட்டதாம். வருஷா வருஷம் கோடை முடிகிற சமயத்தில் அந்தத் தெருக்களில் தேர் ஓடும்; சிதறு தேங்காய் உடைப்பார்கள். இலங்கையில் 1983-ஆம் வருஷத்துக் கலவரத்துக்கும் யுத்தத்துக்கும் தப்பி வந்த தமிழர்கள் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்கிக்கொண்ட ஊர் அது.

அங்கேதான் அந்தப் போட்டோக் கடை. கடைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். யாழ்ப்பாணப் பக்கத்துக்காரர். என் முகத்தைப் பார்த்ததும், "என்ன அக்கா, பாஸ்போர்ட் களவு போட்டுதோ?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். "ஊர் பார்க்க வந்த ஆக்கள் ஞாயிற்றுக்கிழமையில இந்த அளவுப் படம் வேற எதுக்குக் கேக்கிறது?" என்று சிரித்தார். "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. இருங்கோ, முதல்ல தேத்தண்ணி குடிப்பம்."

தேநீர் வந்தது. படம் எடுத்தார். நெற்றிப் பொட்டைத் திருத்திக்கொள்ளக் கண்ணாடியும் கொடுத்தார். தம்பி அனுப்பிய பிரதிகளைக் காகிதத்தில் அச்சடித்துத் தந்தார். அச்சு யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது என் ஆற்றாமையெல்லாம் அவரிடம் கொட்டினேன். அம்மாவின் ஆபரேஷன், வியாழக்கிழமை, போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் சொன்னேன். "கடைசியில் எனக்குக் கிடைக்கப் போவது பாஸ்போர்ட்கூட இல்லையாம். ஒரு வழிச் சீட்டாம். இந்தியாவைத் தவிர வேறு எங்கேயும் அதை வைத்துக்கொண்டு போக முடியாதாம். ஏதோ குற்றவாளியைத் திருப்பி அனுப்புகிற மாதிரி இருக்கிறது" என்றேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. படங்களைக் கத்தரியால் வெட்டிக்கொண்டே பேசினார்.

"நான் இஞ்ச வந்தது 1984-ல, அக்கா. அகதி எண்டு ஏற்றுக்கொண்டு, ரெண்டு வருசத்தால எனக்கும் ஒரு பயணப் பத்திரம் தந்தவை. நல்ல புத்தகம். எல்லா நாட்டுக்கும் போகலாம், சிறீலங்காவைத் தவிர எண்டு அதில எழுதியிருந்தது. அம்மா அங்க, நான் இஞ்ச. 1989-ல அம்மாவை உங்கட மெட்ராசுக்குக் கூப்பிட்டு, வடபழனியில ஒரு லொட்ஜில பத்து நாள் வச்சிருந்தனான். அதுதான் கடைசி. 1996-ல அம்மா மோசம் போயிட்டா. செத்தவீட்டுக்குப் போகேலாது. டெலிபோனிலதான் அழுதனான்."

நான் ஒன்றும் பேசவில்லை. என் கணவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உங்களுக்குப் போய்த் தட்ட ஒரு கதவு இருக்கு, அக்கா. நாளைக்குத் தட்டினாத் திறப்பினம். எனக்கு அந்தக் கதவைத் தட்டேலாது. எனக்குக் கிடைச்சது வீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போற பேப்பர். உங்களுக்குத் தரப்போறது வீட்டுக்கு மட்டும் போற பேப்பர். அதைப் போய்க் குறைவு எண்டு சொல்லுறியளே!"

படங்களை ஒரு சின்ன உறையில் போட்டுக் கொடுத்தார். பின்னால் அவர் பிரெஞ்சுப் பிரஜையாகிவிட்டாராம். யுத்தம் 2009-இல் முடிந்த பிறகு, 2013-இல் தான் பிறந்த ஊருக்கு விசா வாங்கிக்கொண்டு போனாராம். வீடு இல்லை, கிணறு இருந்ததாம். அச்சடித்ததற்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். படத்துக்கு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "அம்மாவுக்கு ஆபரேசன் முடிஞ்சாப் பிறகு தேங்காய் ஒண்டு உடையுங்கோ, அது போதும்" என்றார்.

அவர் சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை என்று அன்று இரவு படித்துத் தெரிந்துகொண்டோம். தேசம் இல்லாமல் போனவர்களுக்கு ஒரு பத்திரம் வேண்டும் என்று முதலில் வழி செய்தவர் நார்வே தேசத்து நான்ஸென். துருவப் பிரதேசங்களில் யாத்திரை செய்த அதே நான்ஸென்தான். 1922-இல், ரஷ்யாவை விட்டு வந்து பிரஜா உரிமையை இழந்துபோன ஜனங்களுக்காக அவர் ஏற்படுத்தியது "நான்ஸென் பாஸ்போர்ட்." பிறகு 1951-ஆம் வருஷத்து அகதிகள் ஒப்பந்தத்தில் அகதிகளுக்குப் பிரயாணப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதியே சேர்த்தார்கள். ஆனால் எந்த தேசத்துக்கு அஞ்சி ஒருவர் ஓடி வந்தாரோ, அந்த தேசத்துத் தூதரகத்தில் தாமாகவே போய்ப் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டால், அகதி என்ற பாதுகாப்பையே இழக்க நேரிடும். தட்ட முடியாத கதவு என்று அவர் சொன்னது அதைத்தான். கஷ்டப்பட்ட இத்தனை நாளில் அன்று இரவுதான் நான் நன்றாகத் தூங்கினேன். என் கஷ்டம் குறைந்துவிடவில்லை. அதன் அளவு தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் தூதரகம். பாரிஸின் 16-ஆவது வட்டாரத்தில், மரங்கள் அடர்ந்த அமைதியான தெரு. எங்களுக்கு முன்னால் ஒரு காலேஜ் மாணவன், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. எல்லோர் கையிலும் என்னிடம் இருந்ததைப் போலவே ஒரு போலீஸ் சீட்டு. நான் மட்டும்தான் ஏமாந்தவள் என்ற எண்ணம் அங்கேயே போய்விட்டது. படிவத்தை நிரப்பி, பாஸ்போர்ட் எப்படிப் போயிற்று என்று கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்து, கட்டணமும் கட்டினோம். நாம் இந்தியப் பிரஜைதானா என்பதுதான் அவர்கள் பார்க்க வேண்டிய முக்கியமான விஷயம். பழைய பாஸ்போர்ட்டின் எண் கையில் இருந்தால் கம்ப்யூட்டரில் பதிவைத் தேடி எடுத்துவிடலாம். எண்ணும் இல்லை, பிரதியும் இல்லை என்றால் ஊரில் விசாரித்துப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். என் பதிவைத் திரையில் பார்த்துக்கொண்டே அதிகாரி கேட்டார்: "தாயார் பெயர்?" சொன்னேன். அந்தப் பெயரை அவ்வளவு கவனமாக, ஒவ்வொரு எழுத்தாக, நான் அதற்கு முன்னால் சொன்னதே இல்லை.

வியாழக்கிழமை விவரத்தையும் சொன்னேன். ஆஸ்பத்திரிக் காகிதத்தைத் தம்பி அனுப்பியிருந்தான், அதையும் காட்டினேன். மறுநாள் மத்தியானம் வரச் சொன்னார்.

அதற்குள் டிக்கெட்டை மாற்ற வேண்டியிருந்தது. எங்கள் பழைய டிக்கெட் வழியில் ஒரு வளைகுடா நகரத்தில் இறங்கி வேறு விமானம் மாறுவது. எமர்ஜென்சி சர்டிபிகேட் இந்தியாவுக்குள் நுழையத்தான் செல்லும். வழியில் உள்ள தேசம் அதை ஒப்புக்கொள்ளுமா என்பது அந்தந்த தேசத்தின் இஷ்டம். ஆகையால் பாரிஸிலிருந்து நேரே டில்லிக்குப் போகும் விமானத்துக்கு மாற்றிக்கொண்டோம். கூடப் பணம் ஆயிற்று. அதைப் பற்றி என் கணவர் முணுமுணுத்தபோது, மனிதர் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டார் என்று எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தச் சீட்டு என் கைக்கு வந்தது. மெல்லியதுதான். அதில் என் பெயர், லா ஷாப்பெலில் எடுத்த படம், சர்க்கார் முத்திரை. இரவு விமான நிலையத்தில் பிரெஞ்சு அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போலீஸ் சீட்டைக் கேட்டார். விசாவின் பிரதியைக் கேட்டார். இரண்டையும் கொடுத்தேன். யாரிடமோ டெலிபோனில் பேசினார். பிறகு தலையை ஆட்டி, போகலாம் என்று கை காட்டினார். டில்லியில் தனியாக ஓர் அறையில் உட்கார வைத்துச் சில கேள்விகள் கேட்டார்கள். கால் மணி நேரம் ஆகியிருக்கும். "சரி, வீட்டுக்குப் போங்கள், அம்மா" என்றார் அங்கிருந்த அதிகாரி. அவர் தினமும் நூறு பேரிடம் சொல்லுகிற வார்த்தையாக இருக்கலாம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

புதன்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்ததும் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பாஸ்போர்ட் போய்விட்டதா?" என்றாள். "உனக்கு யார் சொன்னது?" என்றேன். "ஒருவரும் சொல்லவில்லை. பத்திரமாக இருக்கிற சாமானின் பிரதியை யாராவது தேடுவார்களா?" என்றாள். மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மயிலாப்பூரில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

ஊர் வந்த பிறகும் செய்ய வேண்டியது உண்டு. அந்த ஒரு வழிச் சீட்டோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. மறுபடி வெளிநாடு போகப் புதுப் பாஸ்போர்ட்டுக்கு மனுச் செய்ய வேண்டும். அப்போதும் அந்த பாரிஸ் போலீஸ் சீட்டுத்தான் முன்னால் வந்து நிற்கும், தூக்கி எறிந்துவிடாதீர்கள். இன்னொன்று: போனது என்று ஒரு தடவை எழுதிக் கொடுத்த பாஸ்போர்ட், பிறகு சோபாவுக்கு அடியிலிருந்து கிடைத்தாலும் அதை எடுத்துக்கொண்டு கிளம்பக் கூடாது. அது ரத்தானது ரத்தானதுதான். களவுபோன, காணாமல் போன பிரயாணப் பத்திரங்களைப் பதிந்து வைக்க இன்டர்போல் 2002-இல் ஒரு பட்டியலே தொடங்கியது. பல தேசத்து எல்லைகளிலும் அதைப் பார்க்கிறார்கள். நம்முடைய சொந்தப் பாஸ்போர்ட்டோடு நாமே அகப்பட்டுக்கொண்டு விழிக்க நேரும்!

கையில் காசும் இல்லாமல் தவிக்கிறவர்களுக்கு உதவ, 2009-இல் ஏற்படுத்திய இந்திய சமூக நல நிதி என்று ஒன்று நம் தூதரகங்களில் இருக்கிறது. நிலைமையைப் பார்த்து ஊர் திரும்பும் செலவுக்குக்கூட அதிலிருந்து உதவுவார்கள். உங்கள் மகனோ மகளோ வெளியூரில் தனியாக இருந்தால் அவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள். காரியம் இழுத்துக்கொண்டே போனால் முறையிடுவதற்கு வெளிநாட்டு அமைச்சகம் 2015-இல் தொடங்கிய "மதத்" என்ற இணையத் தளமும் உண்டு. மதத் என்றால் ஹிந்தியில் உதவி என்று அர்த்தம்.

ஆகவே சகோதரிகளே, அடுத்த தடவை பெட்டி கட்டும்போது, பருப்புப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் இவற்றையும் வையுங்கள்: பாஸ்போர்ட், விசாப் பிரதிகள் ஒரு கட்டு, பாஸ்போர்ட் இருக்கும் பையில் அல்லாமல் வேறு பையில், பாஸ்போர்ட் மனுவுக்குக் கேட்கிற அளவில் நாலு போட்டோ, போகிற தேசத்து நம் தூதரகத்தின் அவசர டெலிபோன் எண், செல்போனில் மட்டும் அல்லாமல் ஒரு துண்டுக் காகிதத்திலும். செல்போனும் களவு போகிற சாமான்தானே! இன்னொரு கட்டுப் பிரதியை ஊரில் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள். யாரிடம் என்பதைக் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள். 8,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நீங்கள் கேட்கும்போது, எந்தத் தட்டு, எந்தப் புடவைக்கு அடியில் என்று படுத்தபடியே சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.